பிறந்த தேதிக்கு யார் சாட்சி?

வண்டி ஓட்டத் தெரியுமா என்று பார்ப்பதெல்லாம் பிறகு. எல்.எல்.ஆர். கேட்டு வருபவரிடம் சட்டம் முதலில் வயதைத்தான் கேட்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். மற்ற சொந்த வண்டிகளுக்கு 18. லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு 20. உரிமம் எத்தனை காலம் செல்லும் என்பதும் வயதைப் பொறுத்ததே. 30 வயதுக்குள் வாங்கியவருக்கு 40 வயது வரை, 30-லிருந்து 50-க்குள் வாங்கியவருக்கு 10 ஆண்டு, 55-ஐத் தாண்டியவருக்கு 5 ஆண்டு என்று 2019 திருத்தம் வகுத்திருக்கிறது. 40-ஐக் கடந்தவர் மருத்துவச் சான்றும் கொண்டுவர வேண்டும்.

இத்தனையும் நிற்பது பிறந்த தேதி என்ற ஒரு வரியின் மேல். அந்த வரிக்கு எது ஆதாரம் என்று கேட்டால், இந்தியாவில் அலுவலகத்துக்கு ஒரு பதில் இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு பட்டியல், பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேறொரு பட்டியல், பள்ளியில் தலைமையாசிரியர் எழுதியது, நீதிமன்றத்தில் இன்னொரு வரிசை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் இவற்றையெல்லாம் ஒன்றாக்க முயல்கிறது. அந்தத் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவருக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றே ஆவணம் என்கிறது. இந்த மாற்றம் தேவையானதா, யாருக்கு நன்மை, யாருக்குச் சிக்கல் என்பதைப் பார்ப்போம்.

பதிவின் பழைய கதை

பிறப்பைப் பதிவதற்கு இந்தியா முழுவதற்குமான முதல் சட்டம் 1886-இல் வந்தது. பதிவது அவரவர் விருப்பம் என்றது அது. சென்னை மாகாணம் 1899-இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுவதும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல் நிறைவேறி, 1970 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. இன்றும் அதுதான் அடிப்படை.

அதன்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைப் பிரசவமென்றால் அந்த மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டுப் பிரசவமென்றால் குடும்பத் தலைவரின் பொறுப்பு. 30 நாள் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டைத் தாண்டிவிட்டால் முன்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு தேவைப்பட்டது. 2023 திருத்தம் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களிடம் கொடுத்துவிட்டது. கோர்ட்டுக்கு நடப்பதைவிட கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பது எளிது என்பதால் இது நல்ல மாற்றமே.

சட்டம் கட்டாயம் என்றது. நடைமுறை வேறாக இருந்தது. 2005-06-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 41 சதவீதத்தினரின் பிறப்பே பதிவாகியிருந்தது. 2015-16 ஆய்வில் அது 79.7 ஆனது, 2019-21 ஆய்வில் 89.1. தமிழ்நாடு இந்தச் சராசரிக்கு வெகு முன்னால் இருந்துவந்தது. என்றாலும் நாட்டளவில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2005-06 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் இன்று இருபது, இருபத்தைந்து வயது. உரிமத்துக்கும் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிப்பவர்கள் அவர்களே. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சின்ன வயதில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பள்ளிக்கூடம் வைத்த பிறந்த நாள்

பதிவேடு இல்லாத இடத்தில் ஊர் தன் நினைவை வைத்துக் கணக்குச் சொன்னது. தனுஷ்கோடிப் புயல் அடித்த மார்கழி, அக்காளுக்குக் கல்யாணமான ஆவணி என்று தாய்மார் மாதமும் நட்சத்திரமும் சொல்வார்கள். ஆங்கிலத் தேதி யாருக்கும் தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் பையனுக்கு ஐந்து வயது முடிந்தது என்று வாத்தியார் சேர்த்துக்கொண்டார். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து நிறையும்படி மே மாதத்தில் ஒரு தேதி விழுந்தது. அந்தத் தேதி மாற்றுச் சான்றிதழுக்கும், பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்கும் போனது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறிவிட்ட தேதியை அசைப்பது பெரும்பாடு. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் சேர்ந்தவர்கூட ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்டால்தான் பிறந்த தேதித் திருத்தம் பரிசீலிக்கப்படும்.

இரண்டு ஆவணங்களில் இரண்டு தேதி இருந்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே.சிங் பிறந்தது 1950 மே 10-ஆம் தேதியா, 1951 மே 10-ஆம் தேதியா என்ற தகராறு 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளிச் சான்றிதழ் ஒன்றைச் சொன்னது; ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்கான பழைய விண்ணப்பம் மற்றொன்றைச் சொன்னது. நீதிமன்றம் அவர் பக்கம் சாயவில்லை. அவர் மனுவைத் திரும்பப் பெற்றார். பதவியின் உச்சியில் இருந்தவருக்கே இந்தக் கதியென்றால், வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலையும் கூலித் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் சட்டம் பள்ளித் தேதியை நம்பியே வந்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, ஒருவர் சிறாரா என்று தீர்மானிக்க முதலில் பள்ளிச் சான்றை அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்க்கச் சொல்கிறது. அது இல்லாதபோதுதான் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டுமில்லாவிட்டால் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. ஆக, ஒரு மத்தியச் சட்டத்தில் பிறப்புச் சான்றுக்கு இரண்டாவது இடம். இன்னொரு மத்தியச் சட்டத்தில் ஒரே இடம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எது செல்லும்?

ஓட்டுநர் உரிமம் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 4-ஆம் விதி, வயதுக்கும் முகவரிக்கும் ஏற்கத்தக்க ஆவணங்களை அடுக்குகிறது: வாக்காளர் பட்டியல், ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், அரசு அலுவலகச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்று, சிவில் சர்ஜன் தகுதிக்குக் குறையாத மருத்துவரின் வயதுச் சான்று, நோட்டரி முன்னிலையில் எழுதிய உறுதிமொழிப் பத்திரம். ஆதார் பின்னால் வந்து சேர்ந்து, எல்லாவற்றையும் முந்திக்கொண்டது. சாரதி இணையதளத்தில் ஆதாரைக் கொண்டு உறுதிசெய்தால் எல்.எல்.ஆர். வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிடும் வசதி 2021 முதல் வந்திருக்கிறது.

தாராளத்துக்குக் காரணம் உண்டு. பாதிப்பேருக்குப் பிறப்புச் சான்று இல்லாத நாட்டில் அதை மட்டும் கேட்டால் பாதி நாடு உரிமம் இல்லாமல் ஓட்டும். அந்தத் தாராளமே ஓட்டையும் ஆனது. பத்திரத்தில் தானே எழுதிக் கையெழுத்திட்ட வயது, சோதனையில்லாமல் அரசு அட்டையில் ஏறியது. அந்த அட்டையைக் காட்டி அடுத்த ஆவணம் கிடைத்தது. இன்று பதினேழு வயதுப் பையனிடம் வண்டியைக் கொடுத்தால் 2019 திருத்தத்தின் 199ஏ பிரிவுப்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமமே கிடையாது. தண்டனை இவ்வளவு கடுமையாகும்போது, ஒருவருக்குப் பதினெட்டு முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் ஆவணமும் அதே அளவு உறுதியாக இருக்கத்தான் வேண்டும்.

பாஸ்போர்ட் துறை எதிர்த்திசையில் போய்த் திரும்பியது. 1989 ஜனவரி 26-இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றைத்தான் தர வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. சான்று இல்லாதவர்கள் திண்டாடியதால் 2016 டிசம்பரில் அதைத் தளர்த்தி, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றையும் ஏற்றார்கள். 2025 பிப்ரவரியில் விதி மீண்டும் மாறியது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று மட்டும். முன்னால் பிறந்தவர்களுக்குப் பழைய பட்டியல் தொடரும்.

ஆதார் கையை விரித்தது

ஆதார் இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது என்று சொல்வது ஆதார் ஆணையமே. ஆதார் எண் ஆளை அடையாளம் காட்டும். பிறந்த தேதிக்கு அது சான்றாகாது என்று 2018-லும் 2023 டிசம்பரிலும் ஆணையம் தெளிவுபடுத்தியது. பதிவின்போது ஆவணம் காட்டியவர்களுக்கு அந்தத் தேதி. காட்டாதவர்களுக்கு அவர்கள் சொன்ன தேதி. தேதியே தெரியாதவர்களுக்குத் தோராயமான ஆண்டு. இப்படித்தான் அந்தக் கட்டம் நிரம்பியது. 2024 ஜனவரியில் வருங்கால வைப்புநிதி நிறுவனம் பிறந்த தேதிச் சான்றுப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது.

2024 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு சாலை விபத்து வழக்கு இதைப் பணக் கணக்காகவே காட்டியது. ஹரியானாவில் விபத்தில் இறந்தவருக்கு ஆதார்படி 47 வயது. பள்ளிச் சான்றிதழ்படி 45. இழப்பீட்டைக் கணக்கிடும் பெருக்கல் எண் வயதைப் பொறுத்தது என்பதால் இரண்டு வயது வித்தியாசம் குடும்பத்தின் இழப்பீட்டைக் குறைத்தது. நீதிபதிகள் சஞ்சய் கரோல், உஜ்ஜல் புயான் அமர்வு, ஆதார் வயதை நிறுவும் ஆவணமாகாது என்று சொல்லிப் பள்ளிச் சான்றிதழை ஏற்றது.

2023 திருத்தம் என்ன செய்கிறது?

மக்களவையில் ஆகஸ்ட் 1-லும் மாநிலங்களவையில் ஆகஸ்ட் 7-லும் நிறைவேறிய அந்தத் திருத்தம், பிறப்புச் சான்றின் பயன்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: கல்வி நிலையத்தில் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி நியமனம், ஆதார், பாஸ்போர்ட். பதிவானதிலிருந்து ஏழு நாட்களுக்குள் சான்று தர வேண்டும். பதிவாளரின் முடிவு சரியில்லையென்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 90 நாட்களுக்குள் அதன்மேல் முடிவெடுக்க வேண்டும். தத்துக் குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, வாடகைத்தாய் வழிப் பிறந்த குழந்தை, மணமாகாத தாயின் குழந்தை ஆகியோரின் பதிவுக்கும் வழி செய்திருக்கிறது. மணமாகாத தாய் தந்தை பெயர் சொல்லாமலே சான்று பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்ப்பளித்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது காலம். 2023 அக்டோபர் 1 அன்று பிறந்த குழந்தைக்கு 16 வயது நிறைவது 2039-இல். 18 நிறைவது 2041-இல். ஆக, ஓட்டுநர் உரிமத்தில் இந்தச் சட்டத்தின் கை படுவது, அது வந்து பதினைந்து ஆண்டுக்குப் பிறகுதான். முதலில் அது தட்டுவது எல்.கே.ஜி. வாசலை. இதுவரை பள்ளி வைத்த தேதி பின்னால் வந்த எல்லா ஆவணங்களுக்கும் தாயாக இருந்தது. இனிப் பதிவாளர் எழுதிய தேதியைப் பள்ளி ஏற்க வேண்டும். இந்தத் திருப்பம் நல்லது. குழந்தை பிறந்த வாரத்தில் மருத்துவமனை தெரிவிப்பது, ஐந்தாண்டு கழித்துக் காதைத் தொட வைத்து எழுதியதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். பழைய தலைமுறையை இதில் இழுக்காமல் ஒரு தேதிக்கோடு போட்டதும் பாஸ்போர்ட் விதியின் அனுபவம் கற்றுத்தந்த நிதானம்.

காகிதமும் ஆளும்

ஆனால் பிறப்புச் சான்றிடம் அதன் சக்திக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது. அதில் புகைப்படம் இல்லை, கைரேகை இல்லை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னாருக்கு ஒரு குழந்தை பிறந்தது என்பதே அது சொல்லும் செய்தி. காகிதத்தை நீட்டுபவர்தான் அந்தக் குழந்தை என்று அது சொல்வதில்லை. இங்கிலாந்தில் வழங்கும் சான்றுகளில், இது அடையாளச் சான்றாகாது என்ற எச்சரிக்கையே அச்சிடப்பட்டிருக்கும்.

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். அங்கே தேசிய அடையாள அட்டை கிடையாது; ஓட்டுநர் உரிமமே அந்த வேலையைச் செய்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் 2005-இல் ரியல் ஐடி சட்டம் வந்தது. உள்நாட்டு விமானம் ஏறவும் கூட்டாட்சி அலுவலகங்களில் நுழையவும் உதவும் உரிமத்துக்குப் பாஸ்போர்ட், மாநிலப் பதிவகம் முத்திரையிட்ட பிறப்புச் சான்று போன்ற ஆவணங்களில் ஒன்று வேண்டும். மருத்துவமனை தரும் நினைவுச் சான்று செல்லாது. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்ட பெண், பிறந்த பெயரிலிருந்து இன்றைய பெயர் வரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆவணம் காட்ட வேண்டும். மறுமணம் செய்தவருக்கு அந்தச் சங்கிலி இன்னும் நீளம். இந்தத் தொல்லைகளால் நடைமுறை தள்ளிக்கொண்டே போய், 2025 மே 7-இல்தான் விமான நிலையங்களில் அமலானது. இன்னொரு பாடம் போர்ட்டோ ரிக்கோவுடையது. அங்கே பள்ளிகளும் மன்றங்களும் பிறப்புச் சான்றுகளை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். அவை திருடுபோய் ஆள்மாறாட்டத்துக்குப் பயன்பட்டதால், 2010 ஜூலைக்கு முன் வழங்கிய சான்றுகள் அனைத்தையும் செல்லாதவையாக்கிப் புதிதாக வழங்க நேர்ந்தது. ஒரே காகிதத்தின் மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றினால், அது கெட்டுப்போகும் நாளில் எல்லாமே கெடும்.

யார் வெளியே நிற்கிறார்கள்?

நம் ஊரில் சிக்கல் பெரும்பாலும் பெயரில் வருகிறது. மருத்துவமனையிலிருந்து பதிவாகும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். சான்றில் பெயர் இடம் காலி. ஓராண்டு வரை கட்டணமில்லாமலும், அதற்குப் பின் 15 ஆண்டு வரை கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். பலரும் செய்வதில்லை. அடுத்தது இனிஷியல். சான்றில் தந்தையின் முதலெழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர், மதிப்பெண் சான்றிதழில் வேறோர் ஆங்கில எழுத்துக்கூட்டல். குடும்பப்பெயர் கேட்கும் இந்திய விண்ணப்பப் படிவங்கள் இனிஷியல் வழக்கத்துக்கு இடம் வைக்காததால், மூன்று ஆவணத்தில் மூன்று ஆள் போலத் தெரிகிறது. தப்பு மனிதரிடம் இல்லை. அலைச்சல் மட்டும் அவருக்கு.

வீட்டில் பிரசவமான மலைக்கிராமக் குழந்தை, செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் ஊர் ஊராகப் போகும் குடும்பத்தின் குழந்தை, பெற்றோரை இழந்த குழந்தை ஆகியோர்தான் பதிவிலிருந்து விடுபடுகிறவர்கள். உலகளவில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை என்று யுனிசெஃப் 2024-இல் கணக்கிட்டது. பதிவில்லாத பிள்ளைக்குச் சட்டம் கதவை ஓராண்டுக்குப் பின்னும் திறந்துதான் வைத்திருக்கிறது. பதிவு இல்லை என்ற சான்று வாங்கி, கோட்டாட்சியரிடம் மனுப்போட்டு, விசாரணை முடிந்து உத்தரவு பெறலாம். கூலியை இழந்து இத்தனை படி ஏறி இறங்க எத்தனை பேரால் முடியும் என்பதே கேள்வி.

இந்தக் காகிதத்தின் கனம் உரிமத்தோடு நிற்பதில்லை என்பதை 2025-இல் பீகார் காட்டியது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குத் தேர்தல் ஆணையம் வைத்த 11 ஆவணங்களில் பிறப்புச் சான்று இருந்தது; ஓட்டுநர் உரிமமும் ஆதாரும் ரேஷன் அட்டையும் இல்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு செப்டம்பரில் ஆதார் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. வண்டி ஓட்ட வயது காட்டும் தாளே வாக்குரிமைக்கும் வாசல் ஆகிறபோது, அதில் ஓர் எழுத்துப் பிழை எவ்வளவு விலை கேட்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிறப்புத் தரவுத்தளத்தை வாக்காளர் பட்டியல், ரேஷன், பாஸ்போர்ட், உரிமம் ஆகியவற்றைப் பராமரிக்கும் அமைப்புகளுடன் பகிரவும் 2023 திருத்தம் இடம் தருகிறது. பிழையும் அதே வேகத்தில் பரவும்.

முடிவாக

பிறந்த தேதிக்கு ஒரே மூலம் என்ற கொள்கை சரியானது. அந்த மூலத்தைப் பதிந்து, காத்து, பிழை நேர்ந்தால் திருத்தித் தரும் கடமை அரசினுடையது. நிரூபிக்கும் சுமையைக் குடிமகன் தலையில் வைத்துவிட்டு அரசு கவுன்டருக்குப் பின்னால் உட்கார முடியாது. அதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். ஒன்று, 2023 அக்டோபருக்கு முன் பிறந்தவர்களிடம் எந்த அலுவலகமும் வழக்கத்தின் பேரில் பிறப்புச் சான்று மட்டும்தான் வேண்டும் என்று கேட்கக் கூடாது. மோட்டார் வாகன விதிகளின் 4-ஆம் விதி தரும் பட்டியல் அவர்களுக்கு உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு, ஓராண்டு கடந்த பதிவுக்கான விசாரணையைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடத்தாமல் ஊருக்கே வந்து முகாம் போட்டு நடத்த வேண்டும். மூன்று, இளைஞர் நீதிச் சட்டமும் பதிவுச் சட்டமும் வெவ்வேறு வரிசை சொல்வதை நாடாளுமன்றம் சீர்செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 2041-இல் ஒரே பிள்ளை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வயதும் நீதிமன்றத்தில் இன்னொரு வயதுமாக நிற்கும்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கைக்குழந்தை இருந்தால் அதன் பிறப்புச் சான்றை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் இடம் காலியாக இருந்தால் ஓராண்டு முடிவதற்குள் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் பெயரும் இனிஷியலும் உங்கள் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். பிழை இருந்தால் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் திருத்தம் கேளுங்கள். குழந்தை பள்ளிக்குப் போகும் முன் செய்தால் அது ஒரு மனுவோடு முடியும். பதினெட்டு வயதில் செய்யப்போனால் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட், உரிமம் என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டிவரும்.